தமிழ்ப் புத்தகத்தைக் குரல் ஒழுங்காக வாசிக்கவில்லை: நான்கு கோப்பு, நான்கு கோளாறு

கேள்வி

வணக்கம். கணினியில் விண்டோஸ் 11, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ. போனில் அதே வேலை செய்யும் டாக்பேக், கூகுள் தமிழ்க் குரல். படிக்க எடுத்த நான்கு நூல்களும் ஆளுக்கொரு விதமாகத் தகராறு செய்கின்றன.

முதல் நூல் ஈபப் வடிவ மின்னூல். வாசிக்கச் சொன்னால் ஆண்டுகளையும் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது. தமிழ் முழுக்க மௌனம். இரண்டாவது, ஒரு பதிப்பகம் அனுப்பிய பிடிஎஃப். "ஜே கே பி ஓ செமிகோலன்" என்றே நூல் முழுக்கப் போகிறது. மூன்றாவதும் பிடிஎஃப்தான். பேசுவது தமிழ், ஆனால் எ, ஏ, ஐ, ஒ, ஓ வரும் இடமெல்லாம் குழறல். நான்காவது, பழைய நூலின் ஸ்கேனை எழுத்தாக மாற்றியது. "வந்... தான்", "பற... வை" என்று வரி முடியும் இடத்திலெல்லாம் சொல் அறுந்து விழுகிறது. இதோடு, போன் திரை அணைந்த சில நிமிடத்தில் வாசிப்பே நின்றுவிடுகிறது.

குரல்களை மாற்றிப் பார்த்தாயிற்று. பணம் கட்டி வேறு செயலி வாங்கினால் இவையெல்லாம் தீருமா?

மறுமொழி 1

வாங்காதீர்கள், தீராது. நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூடக் குரலின் குற்றம் இல்லை. கோப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். காதில் விழுவதை வைத்தே எங்கே பழுது என்று சொல்லிவிடலாம்.

ஈபப் மௌனமாவது மொழிக்குறியால். கோப்புக்குள் "இந்த நூலின் மொழி இது" என்று ஒரு குறிப்பு இருக்கும். தயாரித்தவர் அதை ஆங்கிலம் என்றே விட்டிருப்பார். செயலி அதை நம்பி ஆங்கிலக் குரலைக் கூப்பிடும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் தாண்டிப் போகும். எண்ணும் ஆங்கிலமும் மட்டும் கேட்பது இதற்குத்தான்.

காலிபர் என்ற மின்னூல் நிரலில் நூலைச் சேருங்கள். பட்டியலில் அதன்மேல் நின்று ஆங்கில இ விசையை அழுத்தினால் நூல் விவரங்கள் திறக்கும். மொழிகள் கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு டமில் என்று ஆங்கிலத்தில் தட்டெழுதிச் சேமியுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிட்டு "மாறவில்லையே" என்பார்கள். இப்போது மாறியது காலிபரின் பதிவேடு மட்டும்தான். கோப்புக்குள் மாற, ஈபப்பிலிருந்து ஈபப்புக்கே ஒருமுறை கன்வெர்ட் செய்து, வெளிவரும் கோப்பைப் போனுக்கு அனுப்புங்கள். அப்படியும் சில அத்தியாயங்கள் மௌனம் காத்தால், அந்த அத்தியாயக் கோப்புகளுக்குள்ளேயே ஆங்கில மொழிக்குறி இருக்கிறது. ஆங்கில டி (T) விசை நூல் திருத்தியைத் திறக்கும். அங்கே மொழிக்குறியைத் தேடி "இஎன்" (en) என்பதை "டிஏ" (ta) என்று மாற்றுங்கள். நகலெடுக்க முடியாதபடி பதிப்பகம் பூட்டுப் போட்ட நூல்களில் இது நடக்காது.

என்விடிஏவில் குரலையும் சரிபாருங்கள். விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும், பேச்சு, குரல்களைச் சேர் என்று போய்த் தமிழை இறக்கினால் வள்ளுவர் என்ற ஆண் குரல் வரும். என்விடிஏ+கண்ட்ரோல்+எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுங்கள். வேகம் போதவில்லை என்றால் பேச்சு அமைப்பில் ரேட் பூஸ்ட்டை இயக்குங்கள்.

மறுமொழி 2

ஜே கே பி ஓ செமிகோலன் கேட்டால் பாமினி எழுத்துரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்த ஐந்தும் சேர்ந்தால் "தமிழ்". திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். பார்வையுள்ளவருக்குக் கோளாறே தெரியாது, அதனால்தான் பதிப்பகத்தார் "எங்களுக்குச் சரியாகத்தானே தெரிகிறது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதே சொல்லை "முக்கால், ஏ அக்யூட், சென்ட், யூ அக்யூட்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்டால் அது டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறை. தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த டாம், டாப் முறைகளும் இப்படி விசித்திரக் குறிகளாகவே ஒலிக்கும்.

ஊகிக்கவே வேண்டாம். அடோபி ரீடரில் கண்ட்ரோல்+டி (D) அழுத்தினால் ஆவணப் பண்புகள் திறக்கும். எழுத்துருக்கள் என்ற தாவலில் பெயர் இருக்கும்: பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று. உரை முழுவதையும் நகலெடுத்து என்ஹெச்எம் கன்வெர்ட்டரிலோ பொங்குதமிழ் மாற்றியிலோ ஒட்டி, அந்த முறையிலிருந்து யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றுங்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றிக் கேளுங்கள். நூலுக்குள் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகிக் குப்பையாகிவிடும். மாற்றிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அடிக்குறிப்பில் ஆங்கில நூற்பெயர்கள் நிறைய இருந்தால் அடிக்குறிப்புகளைத் தனியே வெட்டி வைத்துவிட்டு மற்றதை மாற்றுங்கள்.

மறுமொழி 3

மூன்றாவது பிடிஎஃப் பற்றி. யூனிகோடு எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலும் இது நடக்கும். தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் பார்வைக்கு எழுத்தின் இடப்பக்கம் நிற்கும். யூனிகோடில் அவை எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். பிடிஎஃப் உருவாகும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகிவிட்டால், "கொடு" என்பது கொம்பு, க, கால், டு என்று உடைந்து வெளிவரும். குரல் அதை எப்படி வாசிக்கும்?

பிடிஎஃப் உரையை நோட்பேட்++ என்ற உரைத் திருத்தி நிரலில் ஒட்டி, இடைவெளியும் அடுத்து ஒற்றைக்கொம்பும் இருக்கும் இடங்களைத் தேடுங்கள். நல்ல உரையில் ஒன்றுகூட இருக்காது. நூற்றுக்கணக்கில் வந்தால் வரிசை புரண்டிருக்கிறது. கண்ட்ரோல்+ஹெச் அழுத்தி, தேடல் வகையில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (வடிவத்தை வைத்துத் தேடும் முறை) தேர்ந்தெடுங்கள். முதலில் க்ஷ:

தேடு: ([ெேை])க்ஷ
மாற்று: க்ஷ$1

இந்த ஒரு மாற்றம் முடிந்ததும் மற்ற எல்லா எழுத்துக்கும்:

தேடு: ([ெேை])([க-ஹ])
மாற்று: $2$1

முதல் கட்டளை சரிசெய்த க்ஷெ, க்ஷே, க்ஷை-க்கு அடுத்து உடனே இன்னொரு எழுத்து வந்தால், இரண்டாவது கட்டளை கொம்பை அதற்குத் தள்ளிவிடும், அந்த இடங்களைச் சரிபாருங்கள். "க்ஷெய" போன்றவை புரளும். அரிதுதான். அடுத்து ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே நின்றால் அவற்றை ஒரே குறியான ொ ஆகவும், இரட்டைக்கொம்பும் காலும் நின்றால் ோ ஆகவும் மாற்றுங்கள்.

மிக முக்கியம்: இரண்டாவது கட்டளையை ஒரே ஒரு முறை மட்டும் ஓட்டுங்கள். ஏற்கெனவே சரியாக இருக்கும் "கெட" என்ற சொல்லில் இதை ஓட்டினால் கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவி "கடெ" ஆகிவிடும். பாதி நல்லதும் பாதி புரண்டதுமான கோப்பில் இதைத் தொடவே வேண்டாம். அதற்கு ஸ்கேன் நூல் போலப் பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நிரல்) வழியே போவதே மேல்.

கேட்டவர்

முதல் மூன்றும் பேச ஆரம்பித்துவிட்டன, மிக்க நன்றி. பாமினி நூலில் அடிக்குறிப்பு யோசனை நன்றாக உதவியது. நான்காவதுதான் பாக்கி. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸால் திறந்து எடுத்த உரை அது.

மறுமொழி 4

இது ஆங்கில நூல் படிக்கிறவர்களுக்கு வராத தொல்லை. அங்கே வரி முடிவில் சொல் உடைந்தால் சிறுகோடு இருக்கும், நிரல் ஒட்டிவிடும். தமிழ் அச்சில் கோடு போடாமலே உடைப்பது வழக்கம். எது உடைந்த சொல், எது முடிந்த சொல் என்று நிரலுக்கு அடையாளமே இல்லை.

ஆனால் நம்மிடம் நன்னூல் இருக்கிறது. மொழிக்கு முதலில் வராத எழுத்து எது, இறுதியில் வராத எழுத்து எது என்பதை வைத்தே பெரும்பகுதியை ஒட்டலாம். ண, ழ, ள, ற, ன ஐந்தும் சொல்லுக்கு முதலில் வாரா. ஒரு வரி இவற்றில் தொடங்கினால் அது முந்தைய வரியின் மிச்சம்தான். (ட, ர, ல கூட இலக்கணப்படி வாரா, ஆனால் டாக்டர், ரயில், லாரி என்று இன்று நிறைய வருகின்றன, விட்டுவிடுங்கள்.) அதேபோல் வரி ங், ஞ், ந் என்று முடிந்தால் சொல் முடியவில்லை. இலக்கணம் உரிஞ், வெரிந் என்று ஞ், ந் ஈற்றை ஒப்புக்கொள்கிறது, இன்றைய உரைநடையில் அவை கிடையாது.

நோட்பேட்++ நிரலில்:

1. எடிட் பட்டியில் பிளாங்க் ஆபரேஷன்ஸ், டிரிம் டிரெய்லிங் ஸ்பேஸ். வரிக்கடைசியில் ஒரு வெற்றிடம் ஒளிந்திருந்தாலும் பின்வருவது எதுவும் பிடிக்காது. பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள்.
2. தேடல் வகையை எக்ஸ்டெண்டட் ஆக்குங்கள். வரி முறிவு என்பது பேக்ஸ்லாஷ் ஆர் பேக்ஸ்லாஷ் என். இரண்டு வரி முறிவு அடுத்தடுத்து வந்தால் அது பத்தி. அதை #### என்று மாற்றிக் காப்பாற்றுங்கள்.
3. ங் + வரி முறிவு என்பதை வெறும் ங் ஆக்குங்கள். ஞ், ந் இரண்டுக்கும் இதையே செய்யுங்கள்.
4. வரி முறிவு + ற என்பதை வெறும் ற ஆக்குங்கள். ன, ண, ழ, ள நான்குக்கும் இதையே செய்யுங்கள்.
5. எஞ்சிய வரி முறிவுகளை ஓர் இடைவெளியாக்குங்கள்.
6. #### ஐ வரி முறிவாகத் திருப்புங்கள்.

எதுவுமே மாறவில்லை என்றால் கோப்பின் வரி முறிவு வேறு வகை. எடிட் பட்டியில் ஈஓஎல் கன்வெர்ஷனில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து மறுபடி செய்யுங்கள். "வந்/தான்" ஒட்டிவிடும். உங்கள் "பற/வை" ஒட்டாது. வ முதலிலும் வரும் எழுத்து. அப்படிப்பட்டவை எஞ்சும், வாசிக்கும்போது தென்படுபவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

நூல் 1978க்கு முந்தியதா? அந்த ஆண்டு அரசாணைக்கு முன் ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளுக்கும் வடிவம் வேறு. எழுத்துணரி அங்கேதான் அதிகம் இடறும். ஒரே மாதிரி தவறு திரும்பத் திரும்ப வரும் என்பதால், முதல் பத்துப் பக்கத்தில் கேட்பதைக் குறித்துக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது. கூகுள் டிரைவில் ஒரு கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். என்விடிஏவிலேயே என்விடிஏ+ஆர் அழுத்தலாமே என்று தோன்றும். அது விண்டோஸின் எழுத்துணரி, அதில் தமிழ் இல்லை.

மறுமொழி 5

இலங்கைப் புத்தகங்கள் வாசிப்போர் இரண்டு விசயம் கவனியுங்கோ. "இலங்கையிற் பிறந்த", "வாழுங் காலம்" என்று எங்கள் பழைய உரைநடையில் பிரித்து எழுதுவார்கள். மேலே சொன்ன முறையில் "வாழுங் காலம்" போன்றவை சில இடத்தில் ஒட்டிப்போகும், பயப்பட வேண்டாம், காதுக்கு ஒன்றுதான். மற்றது, ஆங்கில டகரத்தை நாங்கள் ரகரத்தால் எழுதுகிறது. "ரெலிபோன்" என்றிருந்தால் குரல் ரகரமாகவே சொல்லும், "ரிக்கற்" என்றால் என்னவென்றே விளங்காது. அடிக்கடி வருகிற சொற்களை உச்சரிப்பு அகராதியில் போட்டு வையுங்கோ.

மறுமொழி 6

போனில் நிற்பது மின்கலச் சேமிப்பால். அமைப்புகள், செயலிகள், உங்கள் வாசிப்புச் செயலி, பேட்டரி என்று போய் "கட்டுப்பாடில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதையே கூகுள் பேச்சுச் சேவைக்கும் செய்ய வேண்டும், ஏனென்றால் பேசுவது அந்தச் செயலி. ஒன்றுக்கு மட்டும் செய்தால் வாசிப்புச் செயலி விழித்திருக்கும், குரல் தூங்கிவிடும். பேச்சுச் சேவையின் அமைப்பில் தமிழ்க் குரல் தரவை இறக்கி வையுங்கள், இணையம் போனாலும் நிற்காது.

கேட்டவர்

போனும் சரியாகிவிட்டது. கடைசியாக இரண்டு சந்தேகம். "கி.பி.", "ரூ.", "1947-ல்" வரும் இடமெல்லாம் குரல் நின்று தடுமாறுகிறது. என்விடிஏ அகராதியில் "முழுச்சொல்" வகையில் கி.பி. சேர்த்தேன், வேலை செய்யவில்லை. அடுத்து, சரிசெய்த கோப்பை இன்னொரு பார்வையற்ற வாசகருக்குக் கொடுக்கலாமா?

மறுமொழி 1

தமிழுக்கு "முழுச்சொல்" வகையை நம்பாதீர்கள். சொல் எல்லையைக் கணக்கிடும் முறை நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை, சொல்லின் நடுவிலேயே எல்லை போட்டுவிடும். முற்றுப்புள்ளியில் முடியும் சுருக்கத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. "எங்கும்" வகையில் "கி.பி." என்பதற்குக் "கிபி" என்று கொடுங்கள். போனில் அட் வாய்ஸ் அலவுட் ரீடர் என்ற வாசிப்புச் செயலியிலும் இத்தகைய பேச்சுத் திருத்தப் பட்டியல் உண்டு. ஆண்டுகளைக் கோப்பிலேயே மாற்றுவது எளிது: ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ([0-9])-ல் என்பதை $1 இல் என்று. "ல்" தனியாக நின்றால் எந்தக் குரலுக்கும் அதைச் சொல்லத் தெரியாது. ஆனால் "5-ல்" மாதிரி எண்ணோடு நிற்பதைத்தான் இது பிடிக்கும். "ஐ", "க்கு" போன்றவற்றுக்கு இதேபோல் தனித்தனியே ஓட்டுங்கள்.

மறுமொழி 4

கொடுக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவத்தில் நூலை மாற்றவும், இன்னொரு மாற்றுத்திறனாளியின் சொந்த வாசிப்புக்கு அதைப் பகிரவும் இடம் தருகிறது. எல்லோரும் எடுக்கும்படி பொதுவில் ஏற்றி வைப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த நூலை ஸ்கேன் செய்வதற்கு முன் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய நூலகத்தில் தேடுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுத்து உறுப்பினராகிவிட்டால் ஈஸிரீடர் என்ற வாசிப்புச் செயலியிலிருந்தே இறக்கலாம். பழைய இலக்கியம் என்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். அங்கே தட்டெழுதிய உரையாகவே கிடைக்கிறது, ஸ்கேனே தேவைப்படாது. அதில் செய்யுள்களை இறக்கினால் மேலே சொன்ன வரி ஒட்டும் வேலையைச் செய்துவிடாதீர்கள், அடிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.