பெரிய வீட்டுத் திண்ணை: வாட்ஸ்அப் குழு

பெரியப்பா (மாலை 6:12)
மனுவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை நாகப்பட்டினத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். தலைப்பு: ‘காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாயை நிறுத்துக.’ காவிரியின் உபரி வெள்ளத்தை மாயனூரிலிருந்து தெற்கே திருப்பிக் கொண்டுபோகிற கால்வாய்தான் அது. தலைஞாயிற்றில் வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கியாகிவிட்டது. வெளியூரில் இருப்பவர்கள் பெயரை எழுதி அனுப்பினால் போதும்.

ராஜம் அத்தை (6:15)
என் பெயரை முதலில் போடுங்கள் அண்ணா. ‘இராசம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

செல்வி (6:31)
என் பெயர் வேண்டாம் பெரியப்பா.

பெரியப்பா (6:32)
ஏன் அம்மா?

செல்வி (6:38)
நான் வாழ வந்திருப்பது புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில். 2021 பிப்ரவரியில் குன்னத்தூரில் இதே கால்வாய்க்கு அடிக்கல் நாட்டியபோது, இவரும் மாமனாரும் காலையிலேயே பஸ் ஏறிப் போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தார்கள். எங்கள் கண்மாய் நிறைந்து என் மகள் பார்த்தது இரண்டே தடவை. மற்ற நாளெல்லாம் சீமைக்கருவேலம். 800 அடி போர் போட்டோம், மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. அந்தக் கால்வாயை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி இவருக்கு எந்த முகத்தோடு சோறு போடுவேன்?

கார்த்தி (6:39)
அத்தானும் படித்துவிட்டார். டிக் நீலமாகிவிட்டது.

பெரியப்பா (6:47)
உங்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஐந்து நாள் இருக்கிறது. மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டது. கொள்ளிடத்தில் கரைபுரண்டு போவதை டிவியில் காட்டுகிறார்கள். நம் மதகில் என்ன இருக்கிறது என்று நீயே பார்.
[படம்]

ராஜம் அத்தை (6:49)
தெற்கு மதகா இது? ஷட்டர் பாதியில் நிற்கிறது, அதைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறதே!

பெரியப்பா (6:52)
திருகு துருப்பிடித்து மூன்று வருடம் ஆகிறது. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஷட்டர் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கயிறு நாங்கள் கட்டியது.

கார்த்தி (7:05)
ஒரு கணக்குச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. இந்தக் கால்வாய்க்குத் திட்டமிட்டிருப்பது 6,300 கன அடி. அப்படியென்றால் நாளைக்கு அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். கொள்ளிடத்தில் ஒரு லட்சம் கன அடி போகிற நாளில் இது எம்மாத்திரம்?

பெரியப்பா (7:21)
வெள்ள நாளில் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் பயப்படுவது வெள்ளம் வராத வருடத்துக்கு. 2023இல் ஜூன் 12 திறந்த மேட்டூரை அக்டோபர் 10 மூடினார்கள். 2024இல் திறந்ததே ஜூலை 28. 262 கிலோமீட்டர் வெட்டி வைத்த கால்வாய் அப்படிப்பட்ட வருடத்தில் சும்மா கிடக்குமா? குடிநீருக்காவது விடுங்கள் என்பார்கள். குடிக்கிற தண்ணீரை யார் மறுக்க முடியும்? கால்வாய் புறப்படும் மாயனூரோ, கொள்ளிடம் பிரிகிற முக்கொம்புக்கும் மேலே இருக்கிறது. தலைமடைக்கு மேலே ஒரு தலைமடை.

2018 ஆகஸ்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். முக்கொம்பில் 1836இல் கட்டிய மேலணையில் ஒன்பது மதகுகளை ஆறு அடித்துக்கொண்டு போனதே, அந்த மாதம். கொள்ளிடத்தில் இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்குப் போனது. நான் இங்கே நேரடி விதைப்பு செய்த எட்டு மா நிலத்துக்கு, வாய்க்கால் பள்ளத்தில் தேங்கியதை டீசல் என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போனதற்கு உபரி என்று பெயர். பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வருவதற்குள், மிச்சம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல.

முருகேசன் மாப்பிள்ளை (7:26)
மாமா, அந்தப் பந்தியில் எங்களுக்கு இலையே போடவில்லை.

ராஜம் அத்தை (7:27)
அடடா.

கார்த்தி (7:33)
பெரியப்பா, இன்னொன்று. இந்தக் கால்வாயை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருப்பது கர்நாடக அரசு. நீங்களும் அவர்களும் இப்போது ஒரே பக்கம்.

ராஜம் அத்தை (7:40)
அண்ணா தட்டச்சு செய்கிறார் என்று ஐந்து நிமிடமாகக் காட்டுகிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டாயிற்றா என்று அண்ணியைக் கேளுங்கள்.

பெரியப்பா (7:44)
போட்டாயிற்று. அவர்கள் காரணம் வேறு, என் காரணம் வேறு. காவிரிக்குக் குறுக்கே மேகதாதுவில் 67.16 டி.எம்.சி.க்கு அணை கேட்பவர்கள் அவர்கள். வீணாகக் கடலுக்குப் போகிற உபரியைத்தான் தேக்கப் போகிறோம் என்று அவர்களும் சொல்கிறார்கள். அங்கும் அதே சொல்! 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கர்நாடகம் நமக்கு வருடத்துக்கு விட வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்த பிறகும் நமக்கு உபரி இருக்கிறது என்கிறார்கள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நீ அவர்களுக்கு வக்காலத்து வாங்காதே.

கார்த்தி (7:45)
வாங்கவில்லை. ஆனால் நான் இங்கே குளிப்பதும் காவிரித் தண்ணீரில்தான், குழாயில் வருகிற நாளில்.

ராஜம் அத்தை (7:52)
கடலுக்குப் போனால் வீண் என்று யார் சொன்னது? கொள்ளிடக் கரையில் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஆற்றில் நீரோட்டம் இல்லாத வருடத்தில் கைப்பம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஒரு வெள்ளம் போய் முடிந்தால்தான் கடல் பின்வாங்குகிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

செல்வி (8:10)
பெரியப்பா, இவரோடு பேசினேன். சண்டையும் போட்டேன். தலைப்பை மாற்றுவீர்களா? ‘நிறுத்துக’ வேண்டாம். கடைமடை மதகில் தண்ணீர் ஏறி, அத்தை ஊர்ப் பக்கம் ஆற்றில் ஓட்டமும் இருந்தால்தான் மிச்சத்தை உபரி என்று சொல்ல வேண்டும். அதுவரை மாயனூரில் கால்வாயைத் திறக்கக் கூடாது. இப்படி எழுதுங்கள், நான் போடுகிறேன்.

முருகேசன் மாப்பிள்ளை (8:12)
நானும் போடுகிறேன் மாமா. ஆனால் அங்கே ஏறிய மறுநாளே எங்களுக்குத் திறந்தாக வேண்டும், அதையும் சேர்க்க வேண்டும்.

பெரியப்பா (8:19)
வெள்ளம் இருந்தால்.

முருகேசன் மாப்பிள்ளை (8:19)
‘இருந்தால்’ என்றே எழுதுங்கள்.

பெரியப்பா (8:31)
நாற்பது பேர் கையெழுத்து முன்பே வாங்கிவிட்டேன். தலைப்பு மாறினால் மறுபடியும் வீடு வீடாக ஏற வேண்டும். நீங்கள் இருவரும் சனிக்கிழமை கிளம்பி வாருங்கள் மாப்பிள்ளை, கூட நடக்க ஆள் வேண்டும். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கார்த்தி (8:33)
மதகில் எத்தனை அடி ஏறினால் ‘ஏறியது’ என்று அர்த்தம்? மனுவில் எண் இல்லாவிட்டால் ஓரமாக வைத்துவிடுவார்கள். அளவுகோல் இருக்கிறதா அங்கே?

பெரியப்பா (8:36)
இருக்கிறது. சுவரில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. காலையில் அரிவாளோடு இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.