மறு: மறு: "பிராப் பெட்" தமிழில்? நாளைக்குள்ள வேணும்

வணக்கம். விளையாட்டு வீரர்களுக்கான பந்தய விதிமுறைக் கையேடு ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், நாளைக்கு அனுப்பணும். "பிராப் பெட்"ல மாட்டிக்கிட்டேன். யார் ஜெயிப்பாங்கன்னு இல்லாம, இவன் எத்தனை பாயிண்ட் எடுப்பான், அடுத்த பந்து எப்படி வரும்னு துண்டு துண்டா கட்டுறது. சூதாட்டம்னு போட முடியல. லைசென்ஸோட நடக்குறதும் சூதாட்டம், காசு வாங்கிட்டு ஆட்டத்தை விக்கிறதும் பேப்பர்ல சூதாட்டம்தான். கையேடே இந்த ரெண்டையும் பிரிக்கத்தான்.

----
அம்மா, "பணையம்" இருக்கே, "ஒட்டு" இருக்கே. குறள் 935ல "கவறும் கழகமும் கையும்"னு வரும், கழகம்னா சூதாடுற இடம், கைன்னா ஆடுற திறமை, அதை வச்சு "கைப்பணையம்"னு சொல்லலாம். அப்புறம் சட்டம் அனுமதிச்சா சூது சூதில்லாம போயிடுமா?

----
ஐயா, கழகத்துல ஆரம்பிச்சா தேர்தல்லதான் போய் நிக்கும். பணையம்னா பணயக்கைதிதான் ஞாபகம் வரும். 2024ல டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து டீம்ல இருந்த ஜான்டே போர்ட்டர் ரெண்டு ஆட்டத்துல உடம்பு முடியலன்னு சில நிமிஷத்துலயே வெளிய போயிட்டான், குறைவாத்தான் எடுப்பான்னு கட்டினவனுக்கு காசு. டீம் ஜெயிச்சா என்ன தோத்தா என்ன. ஆட்டத்துல ஒரு கூறு மேல கட்டுறது, அதனால "கூறுபந்தயம்".

சட்டம் பத்தி: 2018ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவைத் திறந்ததாலதான் இந்த மாதிரி பந்தயம் போனுக்கே வந்துச்சு, ஆனா போர்ட்டர் மாட்டினதும் அதனாலதான். அவன் குறைவா எடுப்பான்னு ஒருத்தன் 80,000 டாலர் கட்டினதைப் பாத்து பந்தயக் கம்பெனியே சந்தேகப்பட்டு பணத்தை நிறுத்துச்சு.

----
தம்பி, இலக்கணப்படி ற ஒற்று இரட்டும். சோற்றுப்பானை மாதிரி கூற்றுப்பந்தயம். கூற்றுன்னா எமன், பரவாயில்லையா?

----
போர்ட்டருக்கு வாழ்நாள் தடை, எமன்னாலும் தப்பில்ல 🙂 "உட்பந்தயம்"? உட்பிரிவு மாதிரி.

----
அண்ணே, அது உள்ளாள் தகவல் வச்சு கட்டுறதுன்னு ஆயிடும். போர்ட்டர் தன் உடல்நிலையைப் பந்தயக்காரன்கிட்ட சொன்னதும் தனிக் குற்றம், அதுக்கும் கையேட்டுல ஒரு பத்தி இருக்கும்ல? 2025ல அமெரிக்க பேஸ்பால்ல ஒத்தைப் பந்து மேல 200 டாலருக்கு மேல கட்டக்கூடாதுன்னு வச்சாங்க, அதுக்குப் பேரு உட்பந்தயமா, உள் உட்பந்தயமா?

----
பத்தி இருக்கு, அதுக்கு "உள்தகவல்"னு ஏற்கனவே போட்டாச்சு. உட்பந்தயம்தான் போடுறேன், முதல் தடவை மட்டும் பக்கத்துல பிராப் பெட்னும் எழுதிடுறேன். நன்றி.

----
என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்குங்க. பந்தயம் தமிழா தெலுங்கான்னே இன்னும் தீரல. ஒட்டு பத்தி தனி இழை போடுறேன்.