புதிய நகரில் பள்ளி இடங்களைத் திட்டமிடுவது யார்? அவர்களிடம் யார் கேள்வி கேட்பது?

தெங்காவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈராண்டுகளுக்கு முன், சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து புதிய நகரான தெங்காவில் எங்களுக்குக் கிடைத்த பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவு செய்தபின் கட்டித் தரப்படும் அரசு வீட்டுக்கு, குடிவந்தோம். மகள் 2027-இல் தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டியவள். மகன் 2024-இல், சீனர்கள் மங்கலமாகக் கருதுவதால் பிறப்பு கூடுவதுண்டு என்னும் டிராகன் ஆண்டில் பிறந்தவன். அவனுடைய முறை 2031-இல் வரும். என் கணவர் தஞ்சாவூரில் படித்தவர், நான் ஈசூனில் படித்தவள். ஆகவே அருகிலுள்ள எந்தப் பள்ளியிலும் முன்னாள் மாணவர் என்ற உரிமை எங்களுக்கு இல்லை. பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லாதோருக்கான 2சி பதிவுக் கட்டத்தில் விண்ணப்பித்து, இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கலுக்குக் காத்திருப்பதே எங்கள் வழி.

என் கேள்வி குலுக்கலைப் பற்றியது அன்று, அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. ஏறத்தாழ 42,000 வீடுகள் வரவிருக்கும் நகரில் எத்தனை தொடக்கப்பள்ளிகள் வேண்டும், எந்த ஆண்டில் எது திறக்க வேண்டும் என்பதை யார் கணக்கிடுகிறார்கள்? கணக்கு சரியா என்று அவர்களிடம் யார் கேட்கிறார்கள்? நகர மன்ற அலுவலகத்தில் விசாரித்தபோது, அங்கிருந்த பெண்மணி மிகப் பொறுமையாக, மின்தூக்கி, நடைபாதை, விளக்கு, துப்புரவு ஆகியவையே தங்கள் பொறுப்பு என்றும் பள்ளி தங்கள் எல்லைக்குள் வராது என்றும் விளக்கினார்.

கிழக்கு லண்டனில் வசிக்கும் என் அக்காள் சொன்ன செய்திதான் இந்தக் கேள்வியை எழுப்பியது. அவர் பகுதியின் உள்ளாட்சி மன்றத்தில் குழந்தைகள் சேவைகளைக் கண்காணிக்கும் குழு ஒன்று இருக்கிறதாம். பொதுமக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கலாமாம். அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்ற அட்டவணையை அதிகாரி ஒருவர் வாசிக்க, உறுப்பினர்கள் வரி வரியாகக் கேள்வி கேட்டார்களாம். நமக்கு அப்படி ஓர் அறை எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

அன்புத் தங்கைக்கு, உங்களுக்குக் கிடைத்த பதில் சரியானதே. நகர மன்றங்கள் 1988-ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புப் பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பதற்காக அமைந்தவை. முன்பு நம்மிடமும் மேயருடன் கூடிய மாநகர மன்றம் இருந்தது. 1959-இல் தன்னாட்சி வந்தபோது அதன் பணிகள் அரசாங்கத்திடம் சென்றுவிட்டன. இன்று மேயர் என்று நாம் அழைப்பவர்கள் சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்கள். அவர்களுக்கும் பள்ளித் திட்டமிடலில் பங்கு இல்லை.

கணக்கிடுவது கல்வி அமைச்சுதான். பிறப்பு எண்ணிக்கை, இருக்கும் பள்ளிகளின் கொள்ளளவு, வரவிருக்கும் வீடுகள் ஆகிய மூன்றையும் வைத்துத் திட்டமிடுவதாக அமைச்சு நாடாளுமன்றத்தில் பலமுறை கூறியிருக்கிறது. நாடு முழுமைக்கும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போதிய இடங்கள் உண்டு என்பது அதன் உறுதி. அந்த உறுதியை நான் ஐயுறவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் "வட்டாரம்" என்பது. வட்டாரத்தில் இடம் இருக்கலாம். உங்கள் புளோக்கிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை நடந்து போகும் தொலைவில் அது இருக்கும் என்பது அந்த உறுதிக்குள் அடங்காது.

இது எளிய கணக்கன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் பிறந்த டிராகன் ஆண்டுப் பிள்ளைகள் 2019-இல் தொடக்கநிலை ஒன்றுக்கு வந்தார்கள். அதே 2019-இல் தான் 14 தொடக்கப்பள்ளிகள் இணைந்து ஏழாயின. ஒரு பக்கம் கூட்டம், மறுபக்கம் காலி வகுப்பறை. பழைய பேட்டைகளில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிடுகிறார்கள். புதிய பேட்டைகளில் தள்ளுவண்டிகள் மின்தூக்கிக்கு வரிசை நிற்கின்றன. நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2023-இல் 0.97-க்கு இறங்கிவிட்ட நிலையில், கட்டிய பள்ளி இருபது ஆண்டுகளில் காலியாகிவிடுமோ என்ற அச்சம் திட்டமிடுவோருக்கு இருப்பது இயல்பு. அதனால்தான் பழைய பள்ளிகளையே இடம் மாற்றுகிறார்கள். பயனியர் தொடக்கப்பள்ளி 2025-இல் உங்கள் தெங்காவுக்கு வந்தது. ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி 2030-இல் அங்கு வந்து இருபாலர் பள்ளியாகிறது.

நான் பணியாற்றிய பள்ளியும் இணைக்கப்பட்டது. தமிழ் வகுப்பறைச் சுவரிலிருந்த உயிரெழுத்து அட்டைகளை நானே கழற்றி, ஈரம் படாமலிருக்கப் பழைய நாளிதழில் சுருட்டி, புதிய வளாகத்துக்கு எடுத்துச் சென்றேன். அப்போது பெற்றோர் என்னிடம் முதலில் கேட்டது ஏன் இணைக்கிறார்கள் என்பதை அன்று. "டீச்சர், நீங்களும் கூட வருவீங்களா?" என்றே கேட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சிறு எண்ணிக்கையில் இருக்கும் பள்ளியில் அந்தக் கேள்வியே பெரியது.

லண்டனிலிருந்து திரும்பியவன் எழுதியது:

அக்காவின் செய்தி உண்மைதான். பதினொரு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, மகனின் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோரின் பிரதிநிதியாக, அதாவது பெற்றோர் ஆளுநராகவும் இருந்தவன் என்ற முறையில் சிறிது விரிவாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் தன் பகுதிக்குப் போதுமான பள்ளி இடங்கள் இருப்பதை உறுதிசெய்வது, 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, உள்ளாட்சி மன்றத்தின் கடமை. குழந்தைகள் நலனும் அதே மன்றத்திடம்தான். 2000-ஆம் ஆண்டு லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அவளைப் பேணவேண்டியவர்களாலேயே கொடுமைப்படுத்தப்பட்டு உயிரிழந்தாள். காவல்துறை, மருத்துவமனைகள், சமூக சேவைத் துறைகள் எனப் பல அமைப்புகள் அவளைப் பார்த்திருந்தும் எதுவும் காப்பாற்றவில்லை என்பதை லார்டு லேமிங்கின் விசாரணை 2003-இல் வெளிக்கொணர்ந்தது. அதன் விளைவாக வந்த 2004-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், ஒவ்வொரு மன்றத்திலும் கல்விக்கும் குழந்தைப் பாதுகாப்புக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க ஓர் இயக்குநரும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

அந்த இருவரையும் கேள்வி கேட்பதே கண்காணிப்புக் குழுவின் வேலை. மன்றத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் அமர முடியாது. கல்வி தொடர்பான விவாதங்களில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோர் ஆளுநர்களின் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையும் உண்டு. கூட்ட அறிக்கைகள் ஐந்து முழு நாள்களுக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். இரவு பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, சமையலறை மேசையில் அந்தப் பக்கங்களைப் படித்து, எண்களுக்கு அடியில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

ஆனால் அந்தக் குழுவால் முடிவெடுக்க முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். மன்றத்துக்கே கடமை இருக்கும் அளவுக்கு அதிகாரம் இல்லை. அகாடமி எனப்படும் பள்ளிகள் மன்றத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருப்பதால், இடம் போதாத ஆண்டில் ஓர் அகாடமியை "இன்னொரு வகுப்பு திற" என்று மன்றம் கட்டளையிட முடியாது. பிள்ளைகள் குறையும்போது நிலைமை இன்னும் கடினம். நிதி பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், 30 பேர் அமர வேண்டிய வகுப்பில் 19 பேர் இருந்தாலும் ஆசிரியர் சம்பளம் குறையாது, பணம் குறைந்துவிடும். என் மகனின் பள்ளி, ஆண்டுக்கு 60 பேரைச் சேர்த்துக்கொண்டிருந்த நிலையிலிருந்து 30-க்கு இறங்கியது. அந்த முடிவை எந்தக் குழுவாலும் தடுக்க முடியவில்லை. ஆயினும் ஏன் என்பதை அந்த எண்களை வைத்தே எங்களுக்கு விளக்கினார்கள். நான் இங்கு வந்த பிறகு இல்லையே என்று ஏங்குவது அந்த விளக்கத்துக்காகத்தான்.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

மேலே எழுதிய நண்பரை மதிக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டை இங்கே விரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கிழக்கிலிருந்து மேற்காக ஐம்பது கிலோமீட்டர் உள்ள நாடு இது. ஒரே அமைச்சு என்பதால்தான் ஆசிரியரை ஜூரோங்கிலிருந்து பொங்கோலுக்கு மாற்ற முடிகிறது, ஒரு பேட்டை ஏழை, ஒரு பேட்டை பணக்காரர் என்ற வேறுபாடு பள்ளி நிதியில் தெரியாமல் இருக்கிறது. நகர மன்றத்திடம் பள்ளியையும் கொடுத்தால், தமிழ் ஆசிரியர் கிடைக்காத பேட்டைகள் உருவாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

தெங்காவாசி அக்காவுக்கு நடைமுறையில் உதவும் சில செய்திகள். 2022 முதல் ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தொடக்கத்திலேயே, பள்ளித் தொண்டூழியர் போன்றோரின் பிள்ளைகளுக்கான 2பி கட்டத்துக்கு 20 இடங்களையும் 2சி கட்டத்துக்கு 40 இடங்களையும் ஒதுக்கி வைக்கிறது. முன்பு இரண்டுக்கும் தலா 20 தான். தொலைவையும் இப்போது பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்தே அளக்கிறார்கள். ஒன்மேப் என்னும் அரசாங்க வரைபடத் தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் ஒரு கிலோமீட்டருக்குள் எவை என்று தெரியும். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டால் மகன், அங்கு படிப்பவரின் உடன்பிறந்தவன் என்ற முறையில், முதல் கட்டத்திலேயே சேர்ந்துவிடுவான். ஆகவே இந்த ஒரு குலுக்கலில் உங்கள் வீட்டின் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மற்றொரு வழி, தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கல்வி அமைச்சின் பாலர் பள்ளி. அதில் படிக்கும் பிள்ளை அந்தத் தொடக்கப்பள்ளிக்கு, 2பி, 2சி இரண்டுக்கும் முந்தைய 2ஏ கட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மகனுக்கு அது பொருந்தும். ஆனால் தமிழ் வகுப்பு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். தொடக்கப்பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் தேவை. சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே.

குடும்ப சேவை ஊழியர் எழுதியது:

பள்ளி இடத்தைப் பற்றி மேலே போதுமான அளவு எழுதிவிட்டார்கள். குழந்தைகள் சேவைகள் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. இங்கு பாலர் பள்ளிகளைப் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு 2013 முதல் மேற்பார்வையிடுகிறது. உரிமம் தொடர்பான புதிய சட்டம் 2019-இல் நடப்புக்கு வந்தது. குழந்தைப் பாதுகாப்பு, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம் உள்ளது. அந்த அமைச்சும் கல்வி அமைச்சும் சேர்ந்தே பாலர் பருவ அமைப்பை வழிநடத்துகின்றன. வட்டாரக் கண்காணிப்புக் குழு இல்லாத இடத்தில், முதலில் பார்க்கும் கண் பெரும்பாலும் பாலர் பள்ளி ஆசிரியருடையதே. ஒரு பிள்ளை சில நாள்கள் காரணமின்றி வரவில்லை என்றால் கவலைப்படும் ஆசிரியருக்கு நேரமும் தெம்பும் வேண்டும். பாலர் பள்ளி இடங்களை எண்ணும்போது ஆசிரியர்களையும் எண்ண வேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வருவது இதனால்தான். வன்முறை குறித்த ஐயம் எழுந்தால், 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

தெங்காவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தெம்பனிஸ் தம்பி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எனக்கு இன்னொரு மன்றம் வேண்டியதில்லை. நாற்பது இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது ஆறுதல் தருகிறது. ஆனால் ஆசிரியை அம்மா சுட்டிக்காட்டிய "வட்டாரம்" என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. வேறிடத்திலிருந்து வரும் பழம்பெரும் பள்ளி, உடன்பிறந்தோரையும் முன்னாள் மாணவரின் பிள்ளைகளையும் தன்னோடு அழைத்து வருமே, மீதம் எத்தனை என்ற கேள்வி 2031-இல் என் மகனைப் போன்றோருக்கு வரும்.

நேற்றிரவு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். எங்கள் சமையலறைச் சன்னலிலிருந்து தெரியும் வெற்று நிலம் கல்வி நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. காலையில் மகளை அழைத்துக்கொண்டு அதன் வேலியோரமாக நடந்தேன். வீட்டு வாசலிலிருந்து அவளுடைய நடையில் ஒன்பது நிமிடம். அது எப்போது பள்ளியாகும் என்று வரைபடத்தில் இல்லை.

ஆகவே நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் செல்ல முடிவுசெய்திருக்கிறேன். என் மகளுக்கு இடம் வாங்கித் தாருங்கள் என்று கேட்கப் போவதில்லை. தெங்காவில் 2031 வரை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்க்கப்படும் தொடக்கநிலை ஒன்று மாணவர்கள் எத்தனை பேர், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்கள் எத்தனை, அவற்றில் தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் எவை என்ற மூன்றையும் எழுத்துவழிக் கேள்வியாக நாடாளுமன்றத்தில் எழுப்பும்படி வேண்டப் போகிறேன். அந்தப் பதில் பதிவேட்டில் நிற்கும். லண்டன் நண்பர் பென்சிலால் கோடிட்டதுபோல நாமும் கோடிடலாம்.

தெங்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர், பெயர் வேண்டாம், பிள்ளைகள் பிறந்த ஆண்டை மட்டும் இங்கே எழுதுங்கள். எண்ணிக்கையை எடுத்துச் செல்கிறேன்.

பிளாண்டேஷன் பகுதி அப்பா எழுதியது:

2021, 2024. இருவருக்கும் தமிழ்.

புதுவரவு எழுதியது:

2022. அடுத்தது வரும் நவம்பரில் பிறக்கவிருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா.