புதுப்பிப்பு: நாலு பேர் வீட்டுக்கு எத்தனை செடி?

நாலு பேர் சாப்பிட மாடித்தோட்டத்தில் எத்தனை செடி வைக்கலாம் என்று ஆடியில் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். ஐப்பசி முடியப்போகிறது, ஓரளவு தெளிவு வந்துவிட்டது.

வெண்டை 4 செடி போதவே போதாது. நாளைக்கு இரண்டு, மூன்று காய்தான். பொரியலுக்குச் சேரட்டும் என்று செடியிலேயே விட்டால் முற்றிவிடுகிறது. நுனியை ஒடித்தால் ஒடியாமல் நாராக வளைகிறது. முன்பே பறித்து வைத்தாலோ வதங்கிப்போகிறது. நீங்கள் சொன்னபடி ஆவணிக் கடைசியில் இன்னும் 8 விதை ஊன்றினேன். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பொரியலுக்குக் காய் கிடைக்கிறது.

கத்தரி நேர்மாறு. 6 வைத்தேன், 3 போதும். மிச்சம் பக்கத்து வீடுகளுக்குப் போகிறது, அம்மாவுக்கு அதில் தனி சந்தோஷம். மிளகாய் 2 செடி, சுரை ஒரு கொடி போதும்.

கீரையை மட்டும் ஒரே நாளில் தூவாதீர்கள். 10 நாள் இடைவெளி விட்டு இரண்டு தொட்டியில் தூவுங்கள்.