44-இல் ஏறி 48-இல் திரும்பும் மலை, பாலைப் பயணம்: கிருஷ்ணகிரியிலிருந்து சொந்தக் காரில் செல்ல முடியுமா?

கேள்வி: மாந்தோப்பு, பர்கூர்

அனைவருக்கும் வணக்கம். பர்கூருக்கு அருகே எங்களுக்கு மாந்தோப்பு உள்ளது. கூழ் ஆலைக்குப் போகும் கடைசி லோடு தோத்தாபுரி இறங்கி, கவாத்து வேலையும் முடிந்துவிட்டால், மார்கழியில் பூ எடுக்கும் வரை தோப்பை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில், அதாவது செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில், மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கிக் குடும்பத்துடன் வடக்கே செல்ல எண்ணியுள்ளோம்.

காஷ்மீருக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து மும்பை, ஜெய்ப்பூர் வழியாக தில்லிக்குச் செல்லும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் நம் கிருஷ்ணகிரியில்தான் சந்திக்கின்றன. ஆகவே 44-ஐப் பிடித்து ஸ்ரீநகர் சென்று, லடாக்கின் லே நகர் வரை ஏறி, மணாலி வழியாக இறங்கி, ராஜஸ்தானில் தார்ப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு 48-இல் ஊர் திரும்பலாம் என்பது என் திட்டம். என்னுடன் மனைவியும், கல்லூரியில் படிக்கும் மகனும், அறுபத்தெட்டு வயதான என் தாயாரும் வருகிறார்கள். மகனிடம் ஓட்டுநர் உரிமம் உள்ளது. ஆனால் நெடும்பயணம் ஓட்டிப் பழக்கமில்லை. தாயாருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, இரண்டும் மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஐந்து பேர் அமரும் டீசல் கார். தரையிலிருந்து ஓரளவு உயரமானது.

இந்தச் சுற்றுப் பாதை நடைமுறைக்கு ஒத்துவருமா? தாயாரை அழைத்துச் செல்லலாமா? அந்தப் பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: லாரி உரிமையாளர், காரிமங்கலம்

ஐயா, முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்ரீநகர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஸ்ரீநகரிலிருந்து லே 420, லேயிலிருந்து மணாலி 430, இடையில் நுப்ரா பள்ளத்தாக்கும் பாங்காங் ஏரியும் பார்த்துவந்தால் மேலும் 500 சேரும். மணாலியிலிருந்து ஜெய்சல்மேர் 1,200-ஐ ஒட்டி வரும். அங்கிருந்து நம் ஊர் 2,100-க்குக் குறையாது. மொத்தத்தில் 8,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. மூன்று வாரத்தில் இதை முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் தினமும் 380 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நாற்கரச் சாலையில் ஒரு நாளைக்கு 500 ஓட்டுவது பெரிய காரியமல்ல. ஆனால் லடாக்கில் 200 கிலோமீட்டருக்கே பொழுது சாய்ந்துவிடும். பழகிய ஓட்டுநர்கள் இருவரும் முழுதாக ஒரு மாதமும் இருந்தால் இந்தச் சுற்று முடியும் என்பேன். தங்கள் நிலையில் வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எந்த மலைக்குச் சென்றாலும் பொருந்துகிற ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் மோதியிருக்கின்றன என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறித் தீய்ந்த வாடை அடிக்கும். அதன் பின் மிதி தளர்ந்து, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும். எந்த கியரில் ஒரு மேட்டை ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் அந்த இறக்கத்தை இறங்க வேண்டும். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளட்டும், பிரேக் துணைக்கு மட்டும் இருக்கட்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவதாகும். வாடை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறும் வரை காத்திருங்கள். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துபோகலாம், விரிசலும் விடலாம். புறப்படுவதற்கு முன் மகனை வத்தல்மலைக்கு அழைத்துச் சென்று, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவும் இறங்கவும் பழக்குங்கள். மேலே ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.

44-இல் நகரங்களுக்குள் புகாமல் செல்வதற்கு வழி உண்டு. ஓசூரிலிருந்து மாலூர், ஹோஸ்கோட்டை, தேவனஹள்ளி என்று சென்றால் பெங்களூரு நெரிசல் இல்லை. ஹைதராபாத்தில் சம்சாபாத்தில் வெளிவட்டச் சாலையில் ஏறி மேட்சலில் இறங்கலாம். தில்லியில் பல்வலிலிருந்து குண்டலி வரை 135 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குப் புறவழி விரைவுச்சாலை 2018 முதல் பயன்பாட்டில் இருக்கிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற படைவீரர், ஊத்தங்கரை

லடாக்கில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மலையும் பாலையும் ஒருசேர வேண்டுமென்றால் அதற்காக ராஜஸ்தான் வரை செல்லத் தேவையில்லை. லடாக்கே உயரத்தில் அமைந்த ஒரு பாலைவனந்தான். பருவமழை மேகங்களை இமயமலை தெற்கிலேயே தடுத்துவிடுவதால் லே நகரில் ஆண்டு முழுவதும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. நுப்ராவில் ஹுண்டர் என்ற ஊரில், பனி மலைகளுக்கு நடுவே, வெள்ளை மணல் மேடுகளையும் இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் காணலாம். மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் வரை சரக்கு சுமந்த வணிகக் கூட்டங்களின் வழிவந்த ஒட்டகங்கள் அவை.

செப்டம்பர் அங்கு மிக நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் இமாச்சலிலும் ஜம்மு, ராம்பன் பகுதியிலும் மண்சரிவு அதிகம்; செப்டம்பர் நடுவில் அது தணிந்து வானம் தெளிந்துவிடும். அக்டோபர் பிறந்துவிட்டால் மணாலி வழியில் உள்ள பாரலாச்சா கணவாயில் எப்போது பனி விழும் என்று சொல்ல முடியாது.

ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதாகத் தாங்கள் எண்ணியிருப்பது மிகச் சரி, அதை மாற்ற வேண்டாம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜிலா கணவாயைத் தாண்டினாலும் இரவில் படுப்பது 2,676 மீட்டரில், கார்கிலில். மறுநாள் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லா கணவாயைக் கடந்து 3,500 மீட்டரில் உள்ள லேயை அடைவோம். உடல் படிப்படியாகப் பழகிவிடும். மணாலி வழியாக ஏறுபவர்கள் பெரும்பாலும் 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் தங்குகிறார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் அங்கே இரவு முழுவதும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியோடு உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது உடல் ஏற்கெனவே பழகியிருக்கும் என்பதால் அதே இடத்தில் அவ்வளவு தொல்லை இராது.

சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். இரவுக் குளிரில் உருகாமல் இருக்கும் பனி, வெயில் ஏறியதும் உருகத் தொடங்கும். காலை எட்டு மணிக்கு டயர் பாதிகூட நனையாத இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் பம்பரைத் தொடும். அடியில் கிடக்கும் கற்களும் கண்ணுக்குத் தெரியாது. இறங்குமுன் நின்று, முன்னால் செல்லும் வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்று பார்த்து, முதல் கியரில் நிறுத்தாமல் ஓட்டிச் செல்லுங்கள்.

டீசலை லேயிலோ, மணாலி சாலையில் உள்ள காரு என்ற ஊரிலோ முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த பங்க் கீலாங்கைக் கடந்த பின் வரும் ‘தாண்டி’ என்ற ஊரில்தான் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து ஏறுபவர்களுக்காக, அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள். மணாலிப் பக்கம் இறங்கும்போது ரோத்தங் கணவாய் ஏற வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை இருக்கிறது. இன்னொன்று, நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பதில் 3: பொதுநல மருத்துவர், தருமபுரி

தங்கள் தாயாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உயரம் கூடக்கூடக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றழுத்தம் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் அளவு குறைகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் லேயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், நுப்ரா செல்லும் வழியில் 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லா கணவாயில் பாதியளவும்தான் கிடைக்கும். இதற்கு ஈடுகொடுக்க இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் உயரும். இங்கே மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கும் அழுத்தம் அங்கேயும் அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. வயதானவர்கள் லேக்குப் போகவே கூடாது என்பதல்ல. உரிய பரிசோதனைகளைச் செய்து, இதய மருத்துவரின் ஒப்புதலுடன், லேயில் போதிய நாள் ஓய்வெடுத்துச் சென்றுவருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாளுக்கொரு ஊர் என்று விரையும் பயணத்தில் அவரை அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், ஒரு நாளிரவு படுக்கும் இடத்துக்கும் மறுநாளிரவு படுக்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயரம் கூடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கார்கிலிலிருந்து லேக்கு அது கூடிவிடும் என்பதால், லேயை அடைந்ததும் குறைந்தது இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டு மேலே செல்ல வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயரத்தால் வரும் நோயின் தொடக்க அறிகுறிகள். அவை தணியும் வரை மேலும் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். கையில் வைத்திருக்கும் ஆக்சிஜன் உருளை இறங்கிச் செல்லும் வரை தாங்குவதற்கே தவிர, அதை நம்பி மேலேயே இருப்பதற்கல்ல. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும், யாரும் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: மாந்தோப்பு, பர்கூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாயாரை விட்டுவிட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. இந்தப் பயணமே பெரும்பாலும் அவருக்காகத்தான். ஆகவே லடாக்கை நானும் மகனும் வேறொரு செப்டம்பரில் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். இந்த ஆண்டு நவம்பரில் 48-இல் மட்டும் சென்று ராஜஸ்தானைப் பார்க்கலாம் என்றால், தாயார் பார்க்கத்தக்க மலையும் அந்தப் பக்கம் இருக்கிறதா? எங்கள் காரை மணலில் ஓட்டலாமா?

பதில் 4: கிரானைட் வணிகர், கிருஷ்ணகிரி

நல்ல முடிவு. வியாபார நிமித்தமாக ஜாலோர், உதய்ப்பூர் பக்கம் காரிலேயே சென்றுவருபவன் நான். நவம்பர் அங்கே மிக ஏற்ற காலம். 2016 மே மாதம் பலோடியில் 51 டிகிரி வெயில் பதிவான நிலம் அது. நவம்பரிலோ பகலில் முப்பதை ஒட்டியிருக்கும், இரவில் கம்பளி தேவைப்படும்.

மலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஆரவல்லி இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான குரு சிகர் 1,722 மீட்டர். அதற்குக் கீழே உள்ள மவுண்ட் அபு நகரம் நம் ஏற்காட்டை விடவும் உயரம் குறைந்தது, ஆகவே தாயாருக்கு எந்தத் தொல்லையும் இராது. அங்குள்ள தில்வாரா சமணக் கோயில்களின் சலவைக்கல் விதானங்களை அவர் நிதானமாகப் பார்க்கட்டும். கல் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், அவ்வளவு மெல்லியதாகக் கல்லை இழைத்த வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கும்பல்கர் கோட்டைக்குள் செங்குத்தான ஏற்றம் உண்டு. மேலே வரை மகன் சென்றுவரட்டும், தாயார் கீழ் வாசலருகே உள்ள கோயில்களைப் பார்த்தால் போதும்.

பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே என்று 48 நல்ல சாலை. மும்பை நகருக்குள் புகாமல் பன்வேல், தானே, கோட்பந்தர் வழியாகச் சென்று மீண்டும் 48-இல் சேரலாம்; அந்தப் பகுதியை விடியற்காலையில் கடக்கும்படி முந்தைய இரவுத் தங்கலை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அரை நாள் அங்கேயே போய்விடும். சூரத், அகமதாபாத் தாண்டி உதய்ப்பூர். அங்கிருந்து கும்பல்கர், ராணக்பூர், மவுண்ட் அபு, ஜோத்பூர், போக்ரான் வழியாக ஜெய்சல்மேர் செல்லலாம். திரும்பும்போது பார்மர், சாஞ்சோர், மெசானா வழியாக அகமதாபாத் வந்துவிட்டால் வந்த வழியே உதய்ப்பூருக்குப் போக வேண்டியதில்லை. ஜெய்சல்மேரில் 1156-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சந்துகள் குறுகலானவை என்பதால் காரை வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் செல்லுங்கள்.

மணலைப் பற்றி: ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ‘சம்’ என்ற ஊரில் உள்ள மணல் மேடுகள் வரை தார்ச் சாலை உண்டு. காரை அந்தச் சாலையை விட்டு இறக்க வேண்டாம். முன்சக்கர இயக்கம் கொண்ட கார் மணலில் கொஞ்ச தூரத்திலேயே புதைந்துவிடும். மேட்டின் மேலே செல்ல உள்ளூர் ஜீப்புகளும் ஒட்டக வண்டிகளும் கிடைக்கும். தாயாருக்கு ஒட்டக வண்டிதான் நல்லது, ஜீப் மேட்டிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பதம் பார்த்துவிடும். எங்காவது ஓரம் ஒதுங்கும்போது சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள், சக்கரம் சுழலச் சுழலப் பள்ளம்தான் ஆழமாகும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, டயரில் காற்றைப் பாதியளவு இறக்கி, கால்மிதி விரிப்பைச் சக்கரத்தடியில் செருகி, மெதுவாக எடுங்கள். காற்றுப் பம்பு ஒன்று காரிலேயே இருந்தால், வெளியே வந்ததும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

இருட்டிய பின் அந்தப் பக்கம் ஓட்டவே வேண்டாம். ஒட்டகமும் மாடும் நீல்கய் மானும் சாலையின் நடுவே நிற்கும். ஒட்டகத்தின் கால்கள் நீளமானவை என்பதால் நம் விளக்கு வெளிச்சத்தில் கால்கள் மட்டுமே தெரியும். மோதினால் உடம்பு நேராகக் கண்ணாடியின் மேல் வந்து விழும். மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேரும்படி ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ளுங்கள். தாயாரின் மாத்திரைகளைப் பயணம் முழுவதற்கும் இங்கிருந்தே வாங்கிச் செல்வது நல்லது. ஜெய்சல்மேரில் மருந்துக் கடைகள் உள்ளன. ஆனால் வழக்கமாகச் சாப்பிடும் அதே நிறுவனத்து மாத்திரை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின் டிக்கியில் குடிநீர்க் கேன் ஒன்று எப்போதும் நிரம்பியே இருக்கட்டும்.