சர்வன்ட் எக்ஸ் சர்வீஸ்: ஓபி அடிக்கிற ஆபீசுக்கு எதுக்கு இவ்வளவு கொண்டாட்டம்?

மொட்டைமாடி:
மூணு பேர் சொன்னாங்கன்னு ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டோட உட்கார்ந்து பார்த்து முடிச்சேன். 2013ல வந்த அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்), மொத்தம் 13 எபிசோட். பார்க்காதவங்களுக்குக் கதை இதுதான். ஜப்பானோட வடக்குத் தீவு ஹொக்கைடோல ஒரு வார்டு அலுவலகம், அதுல சுகாதார நலப் பிரிவு. புதுசா வேலைக்குச் சேர்றவங்கள்ல ஒருத்தி லூசி யமகாமி. இவ பொறந்தப்போ என்ன பேர் வைக்கிறதுன்னு முடிவு பண்ண முடியாம, சொந்தக்காரங்க நண்பர்கள் சொன்ன எல்லாப் பேரையும் வரிசையா சேர்த்து வெச்சுட்டாங்க. படிச்சு முடிக்கவே மூச்சு வாங்கும். அவ பேட்ஜ்லயே "யமகாமி லூசி (சுருக்கம்)"னுதான் போட்டிருக்கும். இப்படி ஒரு பேரை அன்னைக்குக் கண்ணை மூடிட்டுப் பதிவு பண்ணின அதிகாரி யாருன்னு கண்டுபிடிச்சுப் பழிவாங்கத்தான் அவ அரசாங்க வேலைக்கே வர்றா.

இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எவ்வளவு நல்ல ஆரம்பம்! அப்புறம் என்ன ஆச்சு? ஹசேபேன்னு ஒருத்தன் பதிமூணு எபிசோடும் ஓபி அடிக்கிறான். சீனியர் இச்சிமியாவுக்கு எட்டு வருஷ சர்வீஸ் இருந்தும் ஒரு வேலையும் சரியா வராது. சிஹாயா காஸ்ப்ளே (கதாபாத்திரம் மாதிரி வேஷம் போடுறது) துணி தைக்கக் காசும் நேரமும் கிடைக்கும்னு வேலைக்கு வந்தவ. பிரிவு மேலாளர் கூச்சப்பட்டுக்கிட்டு ரிமோட்ல ஒரு முயல் பொம்மையை அனுப்பி மீட்டிங் நடத்துறார். வேலை பார்த்தே சாகுறதுக்குக் "கரோஷி"ன்னு தனிச் சொல்லே வெச்சிருக்கிற நாடு அது. அங்கேர்ந்து இப்படி ஒரு ஆபீஸ் கதை வந்தா அது நகைச்சுவையா, தாலாட்டா?

ரிமோட்முயல்:
முயலைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா நடக்கிறதே வேற.

கீஃப்ரேம்:
மொட்டைமாடி பக்கம்தான் நானும். வேலையைப் பத்தின அனிமேன்னா ஷிரோபாக்கோ இருக்கு. 2014 அக்டோபர்ல ஆரம்பிச்சு 24 எபிசோட். ஒரு அனிமே ஸ்டூடியோவுக்குள்ள ஒரு எபிசோட் எப்படிக் கைமாறிக் கைமாறி ஒளிபரப்புக்குப் போகுதுன்னு காட்டும். அதோட நாயகி மியாமோரி கார்ல ஓடி ஓடி வரைபடங்களை வாங்கிட்டு வர்றதுலயே பாதி வாழ்க்கை போயிடும். அதுலயும் சிரிப்பு இருக்கு, ஆனா சிரிப்புக்கு அடியில கெடு தேதின்னு ஒண்ணு நிக்குது. 23வது எபிசோட்ல அவ ஸ்டூடியோ அறையில நின்னு சத்தமில்லாம அழுவா. அந்த ஒரு நிமிஷத்துக்காக முன்னாடி 22 எபிசோட் உழைச்சிருக்காங்க. சர்வன்ட்ல அப்படி எதுவும் கிடையாது. குறுக்கே சிஹாயா, லூசியோட உடம்பை அளவெடுக்கத் துரத்துற ஜோக் வேற. முதல் தடவை சிரிச்சேன், அஞ்சாவது தடவை ஓட்டிவிட்டேன்.

கவுண்டர்_நாலு:
அளவெடுக்கிற ஜோக் விஷயத்துல உங்களோட சண்டை போட மாட்டேன். எனக்கும் எரிச்சல்தான்.

மத்தபடி ரெண்டு பேரும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்திருக்கீங்க. நான் இந்தப் பக்கம் உட்கார்றவ. ஒரு நகராட்சியில பிறப்பு இறப்புப் பதிவு, பதினாறு வருஷம் ஆச்சு. "ஒண்ணுமே நடக்கலை"ன்னு சொல்றீங்களே, லூசியோட சேர்ந்த இன்னொரு புதுப் பொண்ணு மியோஷிகிட்ட வந்து உட்கார்ற பாட்டியைப் பார்த்தீங்களா இல்லையா? பாட்டிக்கு ஒரு விண்ணப்பமும் கிடையாது. மருமகளைப் பத்திப் பேசணும், அவ்வளவுதான். மியோஷியால எழுந்து போக முடியாது. கவுண்டர்ல இருக்கிறவ எழுந்து போகக் கூடாதே! வீட்டுல யாரும் கேட்காததைக் கேட்க, ஊர்லயே எழுந்து ஓட முடியாத ஒரே ஆளைக் கிழவி கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. இதை எழுதினவங்க கவுண்டர்ல உட்கார்ந்திருக்கணும், இல்லைன்னா உட்கார்ந்தவங்ககிட்ட நிறையக் கேட்டிருக்கணும்.

இந்த வேலையில கெடு தேதி நம்மளைக் கொல்றதில்லை கீஃப்ரேம் தம்பி. ஒரே கேள்வியை நாளைக்கு நாப்பது தடவை கேட்கிறதுதான் கொல்லும். அதுக்கு நடுவுல டீ குடிக்க எழுந்து போற பக்கத்து சீட்டுக்காரரை நீங்க "ஓபி"ங்கிறீங்க. நாங்களும் அப்படித்தான் சொல்வோம், ஆனா அவர் இல்லாத நாள் சாயங்காலம் வரைக்கும் நகராது.

மொட்டைமாடி:
அக்கா, அந்தப் பாட்டி சீன் நல்லா இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மாதிரி இடம் எத்தனை? உடனே காதல் கத்தரிக்காய்னு போயிடுறாங்க.

நாலுகட்டம்:
அது நாலு கட்டப் படக்கதையிலேர்ந்து வந்தது, அதை மறந்துட்டுப் பேசுறோம். கரினோ தகாட்சு வரைஞ்ச மாங்கா. முதல் கட்டத்துல ஒரு விஷயம் வரும், ரெண்டாவதுல கொஞ்சம் நகரும், மூணாவதுல திரும்பும், நாலாவதுல விழும். ஒரு மூச்சுல ஆரம்பிச்சு அதே மூச்சுல முடியணும். இதே ஆள் எழுதின வொர்க்கிங் தொடரும் அப்படித்தான், ஹொக்கைடோ ஃபேமிலி ரெஸ்டாரன்ட் ஒண்ணுல நடக்கும், அதோட அனிமே 2010ல வந்துச்சு. இதுல போய் மியாமோரியோட கண்ணீரைத் தேடினா எப்படி? துணுக்கைப் படிச்சுட்டு நாவல் மாதிரி இல்லையேன்னு வருத்தப்படுற மாதிரி இருக்கு.

"வேலைச் சித்திரவதை வேணும்"னா அக்ரெட்சுகோ பாருங்க. ஹலோ கிட்டி கம்பெனி சான்ரியோவோட சிவப்புப் பாண்டா, 25 வயசு, கணக்குப் பிரிவு. மேலதிகாரி நிஜமாவே பன்றி. பகலெல்லாம் தலையாட்டிட்டு ராத்திரி கரோக்கேல போய் டெத் மெட்டல் கத்துவா. 2018ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்தப்போ எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அதைத்தான் பேசிட்டிருந்தோம். எனக்கும் பிடிக்கும். ஆனா பார்த்து முடிச்சதும் மறுநாள் லீவு போடத் தோணும். சர்வன்ட் பார்த்தா மறுநாள் ஆபீஸ் போகலாம்னு தோணும். ரெண்டுக்கும் தேவை இருக்கு.

மொட்டைமாடி:
நான் சொன்ன "தாலாட்டு" அதுதான். மறுநாள் ஆபீஸ் போகலாம்னு தோண வைக்கிறது யாருக்கு லாபம்?

நாலுகட்டம்:
எனக்கு. ஈஎம்ஐ இருக்கு.

சப்போரோ_குளிர்:
ஆறு வருடமாக ஹொக்கைடோவில் இருக்கிறேன். வீடு மாறினால் 14 நாளுக்குள் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது இங்கே விதி, ஆகவே அந்தக் கவுண்டர்களை எனக்கு நன்றாகவே தெரியும். எண் சீட்டு எடுத்து, கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்போம். தொடரில் வரும் கவுண்டர் அந்த உலகம்தான், முயலைத் தவிர. ஒன்று மட்டும் சேர்க்கலாம். 2020 முதல் இங்கே உள்ளாட்சி அலுவலகங்களில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் நியமிக்கப்படும் ஊழியர் முறை வந்திருக்கிறது. எட்டு வருட இச்சிமியாவைப் போல எதுவும் தெரியாமல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2013இன் தொடரைப் பார்க்கும்போது அது கொஞ்சம் உறுத்துகிறது.

ஆனால் நான் எழுத வந்தது லூசியின் பெயரைப் பற்றி. இங்கே குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏற்றும்போது எந்த எழுத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்குத்தான் பட்டியல். நீளத்துக்கு வரம்பு இல்லை. 1993இல் தோக்கியோவின் மேற்குப் பகுதியில் உள்ள அகிஷிமாவில் ஒரு தகப்பன் மகனுக்கு "அகுமா" என்று பெயர் கொடுத்தார். பிசாசு என்று பொருள். இரண்டு எழுத்துமே அனுமதிக்கப்பட்டவை. நகராட்சி முதலில் வாங்கிக்கொண்டது, பிறகு மேலிடத்தில் கேட்டு அடித்துவிட்டது. வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் வைக்கும் உரிமையைத் தகப்பன் தவறாகப் பயன்படுத்தினார் என்றுதான் 1994இல் நீதிமன்றம் சொன்னது. கூடவே, ஒருமுறை வாங்கிக்கொண்ட பெயரை நகராட்சி தானாக அடித்தது தவறு என்றும் சொன்னது. கடைசியில் தகப்பன் வேறு பெயர் வைத்தார். கடந்த 2025 மே 26 முதல் பெயரின் உச்சரிப்பும் பதிவேட்டில் ஏறுகிறது. எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத உச்சரிப்பை இனி மறுக்கலாம்.

அப்படியென்றால் லூசியின் எதிரி என்ன குற்றம் செய்தார்? எழுத்தெல்லாம் சரி, நீளத்தைக் காட்டி மறுக்க விதியில்லை, வாங்கிக்கொண்டார். அவள் கோபம் முழுவதும், விதிப்படி வேலை செய்த ஒரு மனிதர் மேல். இது தெரிந்து பார்த்தால் அந்த வேடிக்கைக்கு ஒரு அடி ஆழம் கூடுகிறது.

மொட்டைமாடி:
இதுக்கு நன்றி சார், நிஜமா. ஆனா பாருங்க, நீங்க என் கட்சியைத்தான் பலப்படுத்திட்டீங்க. விதிப்படி நடந்த ஒருத்தனால ஒரு பொண்ணு வாழ்நாள் பூரா ஒவ்வொரு படிவத்துலயும் கேலிக்கு ஆளாகுறா. யாரைக் கோபிக்கிறது? அப்பா அம்மாவையா, விதியையா, முத்திரை குத்தினவரையா? கையில இவ்வளவு பெரிய கேள்வியை வெச்சுக்கிட்டு, அந்த அதிகாரி யாருன்னு தெரிய வர்ற இடத்தைக்கூட (பார்க்காதவங்களுக்காகச் சொல்லாம விடுறேன்) ஒரு சிரிப்பு, ஒரு வெட்கத்தோட தாண்டிப் போயிட்டாங்க. பழிவாங்க வந்தவ கடைசியில நல்ல ஊழியை ஆயிடுறா. இலகுவா இருக்கட்டும், வேணாங்கல. கைநழுவ விட்டதுக்கு இலகுன்னு பேர் வைக்காதீங்க.

கீஃப்ரேம்:
இதேதான்.

நாலுகட்டம்:
அவ கோபம் கரையுறதுதானே கதை? அவளும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்றா. நாள் பூரா ஏதேதோ படிவத்தை வாங்கி வாங்கி முத்திரை குத்துறா. அதுக்கப்புறம் பழைய மாதிரி அந்த ஆள் மேல கோபப்பட முடியுமா? இதை வசனமா எழுதி வெச்சிருந்தா நீங்களே "பிரசங்கம்"னு எழுதியிருப்பீங்க.

மொட்டைமாடி:
எழுதியிருப்பேன். அதுக்காக எழுதாததையெல்லாம் இருக்கிறதா எடுத்துக்க முடியாது. நீங்க நல்ல ரசிகர், அவங்க விட்ட இடத்தை எல்லாம் நீங்களே நிரப்பிடுறீங்க.

ரிமோட்முயல்:
சீரியஸா ஒண்ணு சொல்றேன். முயல் ஏன் வேலை செய்யுதுன்னா, அதைப் பார்த்து ஆபீஸ்ல யாரும் ஆச்சரியப்படுறதில்லை. ரெண்டாம் நாள்லேர்ந்து "சார், இதுல கையெழுத்து"ன்னு முயல்கிட்ட நீட்டுறாங்க. எங்க மேனேஜர் ரெண்டு வருஷமா வீடியோ கால்ல கேமராவை ஆன் பண்ணினதே இல்லை. அவருக்குக் காதுகூடக் கிடையாது.

கீஃப்ரேம்:
சரி, முயலுக்கு ஒரு ஓட்டு. 😄

மொட்டைமாடி:
கவுண்டர் அக்கா, ஒண்ணு கேட்கணும். பதினாறு வருஷத்துல லூசி மாதிரி ஒரு பேர் உங்ககிட்ட வந்திருக்கா? என்ன பண்ணீங்க?

கவுண்டர்_நாலு:
வந்துச்சு. நான் சேர்ந்து ரெண்டாவது வருஷம். ரெண்டு பாட்டி பேரும் வேணும், குலதெய்வம் பேரும் வேணும், அதுக்கு மேல நியூமராலஜிக்காரர் சொன்ன எழுத்துகள் வேற. இங்கிலீஷ்ல எழுதினா ஒரே எழுத்து மூணு தடவை வரும். "சார், இவ்வளவும் வேணுமா, குழந்தை பரீட்சை பேப்பர்ல எழுதணுமே"ன்னு கேட்டேன். "நீங்க எழுதுங்க மேடம்"னாரு. பின்னாடி முப்பது பேர் நிக்கிறாங்க. கட்டத்துல அடங்கலை, ஓரத்துல பொடியா எழுதி முடிச்சுக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பொண்ணு இப்ப ஒன்பதாவது படிச்சிட்டிருக்கும். லூசி முதல் எபிசோட்ல கோபமா நடந்து வந்தப்போ நான் சிரிக்கலை, கணக்குப் போட்டேன். அவ படிச்சு முடிச்சு வேலைக்கு வர்ற வரைக்கும் எனக்கு சர்வீஸ் இருக்கு.