குருவோட மூச்சு நம்ம பாட்டுல ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?

அகாரம்:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இதான் முதல் போஸ்ட். எட்டு வயசுலேந்து பதினாலு வருஷம் ஒரே டீச்சர்கிட்ட வாய்ப்பாட்டு. வயசாயிடுச்சுன்னு போன வருஷம் அவங்க க்ளாஸ் நிறுத்திட்டாங்க, இப்ப ஆறு மாசமா வேற ஒரு சார்கிட்ட போறேன். முதல் நாள் ஒரு வர்ணம் (கச்சேரி ஆரம்பத்துல பாடற உருப்படி) பாடச் சொன்னார், அதோட ரெண்டாவது பகுதி அனுபல்லவி முடியறதுக்குள்ள கைய காட்டி நிறுத்திட்டு "இங்க யாருக்கும்மா மூச்சு வாங்குது?"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணுமே புரியல. ஒரு வார்த்தைய ரெண்டா உடைச்சு நடுவுல மூச்சு எடுக்கறேனாம், அங்க எனக்கு மூச்சு தேவையே இல்லையாம். வீட்டுக்கு வந்து பழைய க்ளாஸ் ரெக்கார்டிங்க தேடி எடுத்து கேட்டா, டீச்சர் அச்சு அசலா அதே இடத்துல மூச்சு எடுக்கறாங்க. அவங்களுக்கு வீசிங் உண்டு. நான் வீசிங்கையும் சேத்து பாடம் பண்ணிருக்கேன்!!

இது போதாதுன்னு தாரஸ்தாயி ஷட்ஜம், அதாவது மேல் ஸ கிட்ட போனா தாடைய இறுக்கறேன், ஈகாரம் வந்தா மூக்குல போகுது. ரெண்டு மணி நேரம் சாதகம், அதாவது பயிற்சி பண்ணா சாயங்காலம் தொண்டை கரகரங்குது. சார் எல்லாத்தையும் மாத்தலாம்ங்கறார். சரிதான், ஆனா ஒவ்வொண்ணா உருவி எடுத்துட்டா டீச்சர் குடுத்ததுல கடைசில என்ன மிஞ்சும்? பெரிய பாடகர்கள்லாம் இத எப்படி சமாளிச்சாங்க?

மூணாங்காலம்:
மன்னிச்சுக்கோங்க, வீசிங் படிச்சு சிரிச்சுட்டேன். என் கதையும் அதே தான். எங்க குரு தாளம் போடறப்ப மோதிரம் தொடைல குத்தாம இருக்க கைய கொஞ்சம் சாய்ப்பார். நான் மோதிரமே போட்டதில்ல, இருபது வருஷமா சாய்ச்சு தான் போடறேன்.

விஷயத்துக்கு வரேன். சாரீரம்னா குரல், பாணின்னா பாடற விதம், ரெண்டும் வேற வேற. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார கொஞ்ச நேரம் கேட்டுட்டு உடனே அவர் சிஷ்யர் கே.வி. நாராயணசாமிய கேளுங்க, குரல்ல ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, கே.வி.என். குரல் அப்படியே குழையும். ஆனா காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம் இருக்கே, ஓடவும் ஓடாது தேங்கவும் தேங்காது, எத எவ்வளவு பாடணும்னு ஒரு அளவு, அது குரு வீட்டுச் சொத்து. ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.), அவர் சிஷ்யை எம்.எல். வசந்தகுமாரி (எம்.எல்.வி.) கதை இன்னும் சுவாரஸ்யம். அவர் ஆண் குரல், இவங்க பெண் குரல், சுருதியே வேற, தொனிய காப்பி அடிக்கணும்னு நினைச்சாலும் முடியாது. இருந்தும் அந்த பிருகா (ஸ்வரங்கள வேகமா உருட்டறது) வந்துருக்கு, ஒரு ராகத்த எடுத்த எடுப்புல பிடிக்கற தைரியம் வந்துருக்கு. உங்க டீச்சர்கிட்டேந்து தங்க வேண்டியது இந்த மாதிரி சமாச்சாரம் தான். தாடைய இறுக்கறது சொத்து இல்ல, கடன்.

பழைய ரசிகன்:
எனக்கு இதுல முழு சம்மதம் இல்ல. பழைய வாத்தியார் சொல்லிக்குடுத்தத புதுசா வர்றவர் முதல் நாளே நோண்ட ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்? இன்னைக்கு மூச்சு, நாளைக்கு சங்கதி (ஒரே வரிய விதவிதமா பாடறது), நாளன்னிக்கு பாடாந்திரமே, குரு சொல்லிக்குடுத்த பாட்டோட வடிவமே மாறிடும். அப்புறம் எல்லாரும் ஒரே மாதிரி பாடறாங்கன்னு நாமளே புலம்புவோம், இப்பவே அப்படித்தான் இருக்கு. குரல்ல இருக்கற குறை கூட சில பேருக்கு முகவரி. செம்மங்குடி சீனிவாச அய்யர் குரல் என்ன வெண்கல மணியா? மூக்குல தொட்டுகிட்டு தான் வரும், அவரே அத கிண்டல் பண்ணிப்பார். அந்த முரட்டுக் குரல சாதகத்தாலேயே மடக்கி வழிக்கு கொண்டு வந்தார், குரல மாத்திக்கல.

மூணாங்காலம்:
சார், செம்மங்குடி என் கட்சிக்கு தான் சாட்சி சொல்வார் :) அவர் குருமார்ல ஒருத்தர் திருவிடைமருதூர் சகாராம ராவ், வீணை மாதிரி இருக்கற கோட்டுவாத்தியம் வாசிக்கறவர். வாத்தியத்துலேந்து தொண்டைய எப்படி காப்பி அடிக்க முடியும்? அந்த நீளமான இழைப்பு, கமகம்னு சொல்ற ஸ்வர அசைவு தான் உள்ள போயிருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கும் முதல் பாடம் வீணை வாசிக்கற அவங்க அம்மா சண்முகவடிவு கிட்ட. எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், குரு பாடாம வாசிச்சு காட்டினா சிஷ்யனுக்கு ஒரு தலைவலி கம்மி, தன் குரல தானே தேடி கண்டுபிடிச்சு தான ஆகணும்.

அகாரம்:
பழைய ரசிகன் சார், புது சார் டீச்சர பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல. ரெக்கார்டிங்க போட்டு காட்டினப்ப "அந்த மூச்சுலயும் சுருதி விலகல பாரு"ன்னு தான் சொன்னார்.

பழைய ரசிகன்:
அப்ப அவர்கிட்டயே இரும்மா. நான் பேசினத வாபஸ் வாங்கிக்கறேன், பாதி.

ரெண்டு ஸ்தாயி:
நான் மேற்கத்திய சங்கீதமும் கொஞ்சம் கத்துக்கிட்டவ, அந்தப் பக்கத்துலேந்து ஒண்ணு. ஆபரா (பாட்டாவே நடக்கற நாடகம்) பாடகி மரியா காலஸ் ஏதென்ஸ்ல மாணவியா இருந்தப்ப அவங்க டீச்சர் எல்விரா டி இடால்கோன்னு ஒரு ஸ்பெயின்காரங்க, லேசான குரல், நம்ம பிருகா மாதிரி வேக வேகமா உருட்டற பாட்டுல கெட்டிக்காரங்க. காலஸுக்கோ கனத்த பெரிய குரல். டீச்சர் தன் குரல இவங்க மேல ஏத்தல, இந்த கனமான குரலுக்கே அந்த உருட்டல் பயிற்சியெல்லாம் குடுத்தாங்க. 1949ல வெனிஸ்ல காலஸ் வாக்னர்ங்கற இசையமைப்பாளரோட ஆபரால ப்ரூன்ஹில்ட்ங்கற பாத்திரம் பாடிட்டு இருக்காங்க, அது தொண்டைய கிழிக்கற ரோல். அதே சமயம் அங்க அடுத்து வர வேண்டிய பெல்லினி ஆபரால பாட வேண்டியவங்களுக்கு உடம்பு முடியல, சில நாள்லயே அந்த ரோலையும் காலஸே கத்துக்கிட்டு பாடிட்டாங்க, அது முழுக்க நுணுக்கம். அந்த ராத்திரி தான் அவங்க பேர எங்கயோ கொண்டு போச்சு. மேடைல நின்னது காலஸ், ஆனா பத்து வருஷம் முன்னாடி ஏதென்ஸ்ல போட்ட அஸ்திவாரம் தான் தாங்குச்சு. அதுக்காக யாரும் காலஸ் குரல இடால்கோ குரல்னு சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, இது உங்க கரகரப்புக்கு. ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் 1841ல குரல் கெட்டுப்போய் பாரிஸ்ல மானுவல் கார்சியாங்கற பாட்டு வாத்தியார்கிட்ட போய் நின்னாங்க. அவர் பாட்டு சொல்லிக்குடுக்கவே இல்ல, முதல்ல சில வாரம் தொண்டைக்கு பூரண ஓய்வுன்னுட்டார். அப்புறம் தான் அடிலேந்து ஆரம்பிச்சார். பின்னாடி கண்ணாடிய வெச்சு குரல் நாண் அசையறத பாத்து 1855ல எழுதினவரும் இவர் தான். அதனால சாயங்காலம் கரகரன்னா அன்னிக்கு விட்டுடுங்க, மூணு வாரத்துக்கு மேல இருந்தா ஈஎன்டி டாக்டர போய் பாருங்க, தேன் மிளகுன்னு யார் சொன்னாலும் கேட்டுட்டு உக்காராதீங்க.

தாடைக்கு நான் பண்றது: கண்ணாடி முன்னாடி உக்காந்து, ரெண்டு விரல் காதுக்கு முன்னாடி தாடை மூட்டுல வெச்சுக்கிட்டு மத்தியஸ்தாயில, அதாவது நடு ஸ்தாயில, ஆன்னு அகாரம், மெதுவா. இறுக்கினா விரலுக்கு உடனே தெரியும். மேல போறது அப்புறம் பாத்துக்கலாம்.

அகாரம்:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு வந்து சொல்றேன். தாடை பரவால்ல, விரல் வெச்சா அடங்குது, எடுத்தா மறுபடி இறுகுது. கரகரப்பு நேரத்த குறைச்சதும் போயிடுச்சு. அந்த மூச்ச விட்டுட்டேன், வார்த்த உடையாம வருது. நேத்து டீச்சருக்கு போன்ல அந்த வர்ணம் பாடி காட்டினேன், "நல்லா இருக்குடி, எங்கயோ ஒரு எடம் வேற மாதிரி இருக்கே"ன்னாங்க. எந்த எடம்னு நான் சொல்லல. ஆனா ரெக்கார்ட் பண்ணி கேட்டா மூச்சு தான் போயிருக்கு, அந்த எடத்துல தாளம் போடற கை இன்னும் ஒரு நூல் தயங்குது.